தானே புல் வெட்டும் யந்திரம்

புரட்டாசி 3

பெரும்பாக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குத் தானாக ஊர்ந்து புல் வெட்டும் யந்திரம் ஒன்று வேண்டுமென்ற அபிப்பிராயம் வீட்டில் வலுத்துவிட்டபடியால், அதன் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரித்தேன். துணி ஆலையில் கம்பளியின் பிசிறைக் கத்தரிக்கும் உருளையைக் கண்ட எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், அதையே புல்லின்மேல் உருட்டினால் என்னவென்று யோசித்து, 1830-இல் காப்புரிமை பெற்றார். தள்ளுவதற்கு ஆளே வேண்டாத வகையை, சூரிய சக்தியில் ஓடும்படி, 1995-இல் ஸ்வீடன் தேசத்து ஹஸ்க்வர்னா நிறுவனத்தார் கொண்டுவந்தனர். சித்திரையில் வெடித்து ஐப்பசியில் சேறாகும் நம் களிமண்ணை இவர்களில் எவரும் மனத்தில் கொண்டிருக்க நியாயமில்லை.

புரட்டாசி 6

தங்கை மகன் வந்திருந்தான். "கம்பி புதைக்கிறதெல்லாம் பழசு மாமா, சாட்டிலைட் வகையைப் பாருங்க" என்றான். ஆகாயத்துச் செய்மதிகளையும் தோட்டத்தில் நடும் ஒரு ஆன்டெனாவையும் கொண்டு இரண்டொரு சென்டிமீட்டர் பிசகாமல் தன் இருப்பிடத்தை அறியும் அந்தச் சாதனம் விசேஷமானதுதான். ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஒரு புறம் தென்னைகளும் மறுபுறம் அடுக்குமாடிகளும் எடுத்துக்கொண்டதுபோக எங்களுக்கு மிஞ்சியிருக்கும் வானம் ஒரு முழத் துண்டு. கேமராவால் புல்லை இனங்காணும் வகையோ, அருகும் கோரையும் கீழாநெல்லியும் நெருஞ்சியும் வெறுந்தரையும் கலந்த இந்த இடத்தில் எதைப் புல்லென்று கொள்ளும்?

புரட்டாசி 11

ஆக, பழசே மிஞ்சுகிறது. எல்லையைச் சுற்றிப் புதைத்த கம்பியில் மெல்லிய மின்சாரம் ஓட, அதன் காந்தப் புலத்தை உணர்ந்து யந்திரம் திரும்பிக்கொள்ளும். பெருச்சாளி கம்பியைக் கடித்துவிட்டால்? பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்திப் புதைத்தால் காந்தப் புலத்துக்குப் பாதகமில்லை என்று மின்வேலைக்காரர் சொன்னது நியாயமாகவே பட்டது.

புரட்டாசி 17

இரவில் ஓட விடுவதில்லை என்று தீர்மானம். முள்ளெலிகள் வெட்டுப்படுவதை முன்னிட்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் 2024-இல் இரவு ஓட்டத்தைத் தடுத்துவிட்டார்கள். 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அண்டையிலிருக்கும் நம் புல்லிலோ, இருட்டினால் தவளைகளின் ராஜ்யம். ஐப்பசி, கார்த்திகையில் ஓய்வு. புல் அதிகமாய் வளர்வது அப்போதுதான் என்றாலும் சக்கரம் புதையும். 2015 சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, சார்ஜ் ஏற்றும் பீடத்தை அடைமழைக்கு முன் கழற்றி மாடிக்கு எடுத்துப்போக வேண்டுமென்று சொல்லித் தரவேண்டியதில்லை.

புரட்டாசி 20

மாட்டுக்குப் புல் அறுக்க வரும் அம்மாள் கேட்டாள்: "மெஷினு வெட்டினா புல்லை யாருங்க ஐயா வாரிக்கிறது?" அன்றாடம் நுனியை மட்டும் பொடியாக நறுக்கி மண்ணுக்கே எருவாக விட்டுவிடுவதே அந்த யந்திரத்தின் பிரதான குணம், அந்தக் குணத்தால் ஒரு பசுவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கம்பி வகையில் ஒரு சௌகரியம் உண்டு, எல்லையை நாமே வகுக்கலாம். ஆகவே கிணற்றுக்கு மேற்கே உள்ள பகுதியை அவளுக்கென்று விட்டுக் கோடு வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்க கோரைதானே ஐயா மண்டிக் கெடக்குது, மாடு மோந்துகூடப் பாக்காது. அருகு இருக்கிற பக்கத்தை விடுங்க."

நாளை வேறு படம் வரைய வேண்டும்.