ஒளியிலும் வீண்விரயமா?

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது எனக் கற்றவர்கள் நாம். கதிரொளியில் நேரும் வீண்விரயம் ஒன்றை அண்மையில் படித்தறிந்தோம். மனம் அதிலேயே நிலைத்துவிட்டது.

கரிமப் பொருளாலான சூரிய மின்கலத்தில் ஒளி பட்டதும் எலெக்ட்ரான் ஒன்று தன் நிலைவிட்டு உயர, அதன் வெற்றிடம் துளையாகிறது. இரண்டும் பிரிந்து வெவ்வேறு முனைகளை அடைந்தாலே மின்சாரம் கிட்டும். வழியில் சந்தித்து மீண்டும் கூடிவிட்டால், ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாய்ப் போய்விடும். சிலிக்கனைவிட இப்பொருள்களில் அவற்றின் கவர்ச்சி வலிது. ஆதலால் பிரிப்பது அரிது.

1986-இல் சிங் டாங் என்னும் அறிஞர் இருவகைப் பொருள்களை அடுக்கி, அவை தொடும் எல்லையில் இணையைப் பிரித்தார். பயன் ஏறத்தாழ 1 விழுக்காடே. இன்று ஆய்வுக்கூடங்கள் 19 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. மீள்கூடலைக் குறைத்தமையும் அதற்கொரு காரணம்.

வல்ல அல்லாஹ் வழங்கிய ஒளியைச் சிந்தாமல் காக்கும் இப்பணியில் நம் பிள்ளைகளும் பங்கேற்க வேண்டாமா?