பரணில் போட்ட டைல்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடியில், இடிந்த சர்ச் பக்கத்தில் நானும் அக்கா மகனும் வறுத்த மீன் தின்று கொண்டிருந்தோம். பையனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. திடீரென்று செல்போனில், "டைல்ஸ் போச்சு சார்! இனிமே யாரும் பார்க்க மாட்டாங்க" என்று கத்தினான்.

"பாத்ரூம்லயாடா?" என்றேன்.

பரிதாபமாகப் பார்த்தான். மாமா வெறும் பி.காம். என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஜாவாவில் வெப்சைட் கட்ட 'ஸ்ட்ரட்ஸ்' என்றொரு இலவச சாஃப்ட்வேர். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். அதோடு ஒட்டி வளர்ந்தது 'டைல்ஸ்'. தலைப்பு, மெனு, அடிப்பகுதி என்று பக்கத்தைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு தரையில் பதிப்பது மாதிரி பதிக்கலாம். பிறகு தனிக்குடித்தனம் போன டைல்ஸ், 2018-ல் ஓய்வு பெற்றது. அப்பாச்சி அமைப்பு இப்படிப்பட்டவற்றைப் போட 'பரண்' என்ற பெயரிலேயே ஓர் இடம் வைத்திருக்கிறது! 2022-ல் வந்த ஸ்பிரிங் 6 டைல்ஸைக் கைகழுவியது.

"நானூறு பக்கம் மாமா, எல்லாம் டைல்ஸ்ல. திருப்பி எழுதினா ஆறு மாசம். பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாது."

சும்மா விடவும் பயம். 2017-ல் ஸ்ட்ரட்ஸில் இருந்த ஓர் ஓட்டையை, மருந்து வந்தும் போடாமல் விட்டதில், அமெரிக்காவில் ஏறக்குறைய 14.7 கோடிப் பேர் விவரம் திருடு போனது.

நல்லவேளை, ஸ்ட்ரட்ஸ்காரர்கள் 6-வது வரிசையில் டைல்ஸின் மூல நிரலையே தங்கள் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்களாம்.

"அப்புறமென்ன, சௌகரியம்தானே?"

"நமக்கு. இனி அதுல ஓட்டை விழுந்தா அவங்கதான் அடைக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. 1964 டிசம்பர் புயலில் இந்த ஊர் போனபோது, தாத்தா ராமேஸ்வரம் வீட்டுக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். உறவுமில்லை, ஒன்றுமில்லை. ரேஷன் கார்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து, 'தனுஷ்கோடிப் பாட்டி'யின் இழுப்பு எங்கள் வீட்டு இழுப்பு. நடுராத்திரியில் வண்டி பிடிக்க ஓடியது தாத்தா. முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் வைத்தது பாட்டி. நான் பள்ளிக்கூடம் போகிற வரை இருந்தார்.

பையன் மறுபடி போன் போட்டான். "திருப்பி எழுத வேணாம் சார். புது ஸ்ட்ரட்ஸுக்கு ஏத்தி, ஒவ்வொரு பக்கமா சோதிச்சா போதும். ஒரு மாசம் கொடுங்க."

"என்னடா சொன்னாங்க?"

"பதினஞ்சு நாளாம்."

மீனுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.