தூது போகும் எலெக்ட்ரான்

கதைகளில் தூது போகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு மோகம் உண்டு. காடோலினியம் என்ற உலோகத்தைப் பற்றிப் படித்தபோது அப்படி ஒரு பாத்திரம் அகப்பட்டது.

அதில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஆனால் அந்தக் காந்த சக்தி அணுவின் உள்ளறையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அடுத்த அணுவை நேரே எட்டுவதில்லை. உலோகம் முழுவதும் சுற்றித் திரியும் எலெக்ட்ரான்கள்தாம் சேதி கொண்டுபோகின்றன. 1954-இல் ரூடர்மன், கிட்டல் இருவரும் அணுக்கருக்களுக்காக இந்தத் தூதைக் கணக்கிட்டார்கள். கசுயாவும் யோசிடாவும் 1956, 57-இல் அதை விரித்தார்கள்.

தூரத்தைப் பொறுத்துச் சேதி மாறுவதுதான் வேடிக்கை. ஓரிடத்தில், "சேர்ந்து நில்". சற்றுத் தள்ளி, "எதிர்த்து நில்". அதற்கப்பால் மறுபடி, "சேர்ந்து நில்". போகப் போகக் குரலும் தேய்கிறது.

எங்கள் அத்தையும் இப்படித்தான். பேச்சு நின்றுபோன அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே நடந்தவள் அவள். அடுத்த தெருவில் இருந்தவரை சமாதானம். பெரியப்பா ஊர்க்கோடிக்குக் குடிபோனதும், அதே வாயால் விவகாரம் கோர்ட்டு ஏறியது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காடோலினியத்தில் கூட்டிக் கழித்தால் சேர்க்கையே ஜெயிக்கிறது. அதுவும் சுமார் 20 டிகிரி வரைதான். ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் போட்டால், அணுக்கள் அவரவர் பக்கம் திரும்பிக்கொள்ள, விழுந்துவிடும்.