பின்னால் நிற்பவர்கள்

சனிக்கிழமை மாலை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது பெயரில் மட்டும்தான் அது ரப்பர் தோட்டம். லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, சுற்றிலும் செம்பனை வந்துவிட்டது. மாரியம்மன் கோவில், அதன் எதிரே ஒரு திடல், திடலை ஒட்டி வெட்டுவார் இல்லாத நாலைந்து நிரை பால்மரங்கள். இவைதாம் மிச்சம்.

அந்த மரங்களுக்கிடையே பிள்ளைகள் ஆறு கம்புகளை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கையிலுள்ள தட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் வீச வேண்டும். இப்படியே போய்க் கூடைக்குள் சேர்க்க வேண்டும். ஆறு கூடைகளையும் குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வெற்றியாளர். இதுதான் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் ஆட்டத்தில் மட்டையும் பந்தும் குழியும். இதில் கையும் தட்டும் கூடையும்.

முன்னால் ஆடுகிற நால்வரும் ஐந்தாம் படிவ மாணவர்கள். மூன்றாவது கூடையை நோக்கி வீச வேண்டியவன் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்க்கிறான். தட்டை மாற்றுகிறான். நண்பனிடம் ஏதோ கேட்கிறான். மறுபடியும் முதல் தட்டையே எடுக்கிறான். பின்னால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் மூவர், இரண்டாவது கூடையை முடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள்.

கோவில் படியில் அமர்ந்திருந்த பெரியவர் குரல் கொடுத்தார்.

"தம்பி, பாத்தது போதும்ப்பா. பின்னால சின்னப் பிள்ளைங்க நிக்குதுங்க."

"காத்து மாறிக்கிட்டே இருக்கு தாத்தா. கொஞ்சம் பொறுங்க."

"காத்து மாறத்தான் செய்யும். பொழுது நிக்குமா?"

பெரியவருக்கு அந்த ஆட்டத்தின் விதிகள் தெரியா. ஆனால், அவர் சொன்னது அதன் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஓக் குரோவ் பூங்காவில் 1975ஆம் ஆண்டு முதல் நிரந்தரத் திடலை அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையை உருவாக்கியவரும் அவரே. 1976இல் அவர் தொடங்கிய தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்தான் இன்றுவரை விதிகளை வகுத்து வருகிறது. முறை வந்து, தட்டு கிடக்கும் இடத்தை அடைந்து, முன்னால் ஆள் இல்லை என்று உறுதியான பிறகு, ஆட்டக்காரருக்கு 30 விநாடிகள் உண்டு. அதற்குள் வீசாவிட்டால் முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை ஒரு வீச்சு தண்டனையாகக் கணக்கில் ஏறும். காணாமற்போன தட்டைத் தேட 3 நிமிடங்கள்தான்.

விதி இருக்கிறது, ஆனால், விதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது போட்டிகளில் மட்டுமே. உலகில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட டிஸ்க் கோல்ஃப் திடல்கள் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பல, யாரும் எப்போதும் வந்து ஆடக்கூடிய பொதுப் பூங்காக்களில் உள்ளவை. அங்கே முன்பதிவு இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, கடிகாரம் பிடிப்பவரும் இல்லை. பின்னால் வருபவர் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது முழுக்க முழுக்க முன்னால் ஆடுபவரின் கையில் இருக்கிறது.

ஈப்போ வட்டாரத்திலுள்ள கோல்ஃப் திடல்களில் நிலைமை வேறு. சுல்தான் அஸ்லான் ஷா சாலையிலுள்ள ரோயல் பேராக் கோல்ஃப் கிளப்பானாலும் சரி, பழைய ஈய லம்பத்தின் குளங்களைச் சுற்றி அமைந்த பத்து காஜா திடலானாலும் சரி, குழுக்கள் நேரம் குறித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். 18 குழிகளை நால்வர் சேர்ந்து ஆடி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். சிலருக்கு ஐந்தும் ஆகும். கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் ஆனால் இடி மின்னலுக்குக் குறைவில்லை. திறந்தவெளியில் இரும்புக் கோலோடு நிற்பவருக்கு மின்னல் விளையாட்டுக் காரியமன்று. எல்லாரும் ஒதுங்கியாக வேண்டும். காலையில் முன்குழு வீணாக்கிய அரைமணி நேரம், பிற்பகலில் கடைசிக் குழுவின் ஆட்டத்தையே பறித்துவிடலாம்.

தாமதம் எப்படிப் பெருகுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். குழுக்கள் 10 நிமிடத்திற்கு ஒன்றாகப் புறப்படுகின்றன என்று கொள்வோம். ஓரிடத்தை ஆடி முடிக்க ஒவ்வொரு குழுவும் 12 நிமிடம் எடுக்கிறது. வெறும் இரண்டு நிமிடந்தான் கூடுதல். முதல் குழு யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டாவது குழு 2 நிமிடம் நிற்கும். மூன்றாவது 4 நிமிடம். பத்தாவது குழுவோ 18 நிமிடம் வெயிலில் நிற்கும். முதல் குழுவினர் திரும்பிப் பார்த்தாலும் அந்தப் பத்தாவது குழு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. "நாங்கள் மெதுவாக ஆடவில்லையே" என்று அவர்கள் சொன்னால் அது பொய்யுமன்று. மெதுவாக நடப்பதால் வரும் தாமதத்தைவிட, தன் முறை வந்த பிறகுதான் தட்டையோ கோலையோ தேடத் தொடங்குவதால் வரும் தாமதமே அதிகம்.

இதற்காக ஒரு சிறுவன் கொடுத்த விலை உலகம் முழுவதும் பேசப்பட்டது. சீனாவைச் சேர்ந்த குவான் தியன்லாங் 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் கலந்துகொண்டபோது அவனுக்கு வயது 14. இரண்டாம் படிவத்தில் படிக்கிற வயது. அதற்கு முன் அந்தப் போட்டியில் அவ்வளவு இளையவர் எவரும் ஆடியதில்லை. முதல் நாள் 73 அடிகளில் முடித்தான். இரண்டாம் நாள் காற்று சுழன்று சுழன்று அடித்தது. எந்தக் கோலை எடுப்பது என்று அவனுக்கு முடிவு செய்ய முடியவில்லை. அதிகாரிகள் அவனுடைய நேரத்தைக் குறிக்கத் தொடங்கினார்கள்; எச்சரித்தார்கள். 17ஆவது குழியில் மறுபடியும் நேரம் கடந்தது. ஓர் அடி தண்டனை.

அந்த ஓர் அடி சாதாரணமானதன்று. முன்னணியில் இருப்பவரைவிடப் பத்து அடிகளுக்குள் இருப்பவர்களுக்கும் கடைசி இரண்டு நாள் ஆட அன்றைய விதி இடம் தந்தது. தண்டனையோடு அவன் 75 அடிகளில் முடித்து, மொத்தம் 148 என்று நின்றான். சரியாகப் பத்து அடி வித்தியாசம்! இன்னும் ஓர் அடி கூடியிருந்தால் ஊருக்குப் பெட்டி கட்டியிருக்க வேண்டும். அவனைவிட நிதானமாக ஆடும் பெரிய ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுச் சிறுவனைப் பிடித்துக்கொண்டார்களே என்று அன்று பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், குவான் வாதாடவில்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு மீதி இரண்டு நாளும் ஆடினான். தொழில்முறை சாராத ஆட்டக்காரர்களுள் கடைசி வரை நின்றவன் அவன் ஒருவனே. அதற்குரிய வெள்ளிக் கிண்ணமும் அவனுக்கே கிடைத்தது.

பிறகு 2019இல் கோல்ஃப் விதிகளே திருத்தப்பட்டன. தொலைந்த பந்தைத் தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைந்தது. ஓர் அடிக்கு 40 விநாடி போதும் என்று பரிந்துரைக்கப்பட்டது. குழிக்குத் தொலைவில் இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தையும் தளர்த்தி, ஆயத்தமாக இருப்பவர் அடிக்கலாம் என்று ஊக்கப்படுத்தினார்கள்.

இதற்காக ஓட்டமும் நடையுமாக ஆட வேண்டும் என்பதில்லை. 170 கிராம் எடையுள்ள தட்டு, விளிம்பு கூராக, வேகமாக வந்து தலையில் பட்டால் காயம் உறுதி. முன்குழு விலகும் முன் அவசரப்பட்டு வீசுபவன் மெதுவாக ஆடுபவனைவிட மோசமானவன். புதிதாகக் கற்றுக்கொள்பவரின் தாமதமும் குற்றமாகாது. எல்லாரும் ஒரு காலத்தில் புதியவர்களே. அதனால்தான் "நீங்கள் முன்னால் போங்கள்" என்று வழிவிடும் வழக்கம் இந்த ஆட்டங்களில் இருக்கிறது. வேகமாக வரும் குழு முணுமுணுக்க வேண்டியதில்லை. மெதுவாக ஆடும் குழு வெட்கப்பட வேண்டியதுமில்லை.

கோவில் படியில் இருந்த பெரியவர் இதை வேறோரிடத்தில் கற்றவர். அவர் இதே தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன் பெரட்டு. குளிர்ச்சி இருக்கும்போதே தம் நிரையிலுள்ள மரங்களை வெட்டி முடிக்க வேண்டும், அப்போதுதான் பால் நன்றாக வடியும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாவைத் தோளில் வைத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோவார். அங்கே வரிசை. கிராணி ஒவ்வொருவர் பாலாக நிறுத்துக் கணக்கு எழுதுவார். வெயில் ஏற ஏற வாளியிலுள்ள பால் கெட்டிப்படத் தொடங்கும். உறைந்துவிட்டால் அது கட்டிப்பால், விலை குறைவு. தம் பெயர் கூப்பிட்ட பிறகுதான் வாளியில் விழுந்த இலையையும் பட்டையையும் எடுக்கத் தொடங்குபவர் மீது வரிசையில் எல்லாருக்கும் கோபம் வரும். வெகுதூரத்து நிரையிலிருந்து சுமை தூக்கி வந்த பெண் கடைசியில் நின்றால், அவருக்கு எவரேனும் இடம் விட்டுத் தருவதும் உண்டு. கிராணி சொல்லி நடந்ததில்லை அது.

மூன்றாவது கூடைக்கு வீச நின்றவன் ஒருவழியாக வீசினான். தட்டு மரத்தில் பட்டுத் தெறித்துப் புதருக்குள் போயிற்று. நால்வரும் தேடப் போனார்கள். மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு இன்னும் நான்கு கூடைகள் மீதம். பால்மர நிரைக்குள் இருட்டு சீக்கிரம் இறங்கிவிடும்.

புதருக்குள்ளிருந்து நிமிர்ந்த அந்தப் பையன் பின்னால் திரும்பிப் பார்த்தான். மூவரும் அப்போதும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"ஏய், நீங்க வாங்க! நாங்க தேடிட்டு வர்றோம்."

"நெசமாவா அண்ணா?"

"வாங்க வாங்க. நாங்க எல்லாரும் இந்தப் பக்கம் ஒதுங்கிக்கிறோம். பாத்து வீசுங்க."

பிள்ளைகள் எழுந்து காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். மூவரிடமும் தட்டு கையிலேயே இருந்தது. ஒருத்தி வீச, அது கீழே விழும் முன்னே அடுத்தவன் தன் இடத்திற்கு வந்து நின்றுவிட்டான். மூன்றாவது கூடையும் நான்காவது கூடையும் சில நிமிடங்களில் முடிந்தன. ஆறாவது கூடை திடலின் மறுகோடியில், வெட்டவெளியில் இருந்தது. அங்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பெரியவர் படியிலிருந்து எழுந்து, விளக்கேற்றக் கோவிலுக்குள் போனார்.