கேட்காத பசி

தாது வருஷப் பஞ்சத்தை எங்களில் எவரும் கண்டதில்லை. 1876இல் தொடங்கிய அப்பெரும் பஞ்சத்தைப் பாட்டிமார் சொன்ன கதைகளாலும் பிற்பாடு வாசித்த நூல்களாலுமே அறிந்திருந்தோம். ஆகவே பசித்தவரைக் கண்டால் தெரிந்துகொண்டுவிடலாம் என்று நம்பியிருந்தோம். 2020ஆம் ஆண்டின் கோடை அந்த நம்பிக்கையைக் கலைத்துப்போட்டது.

கன்னிவாடி மலையடிவாரத்துப் பேரூர், சுற்றிலும் வெள்ளாமை. சற்றுத் தள்ளி, கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தை. விளைச்சலுக்குக் குறைவில்லாத இந்த வட்டாரத்தில் பசி எப்படி வரும்? தாது வருஷத்தில் பொய்த்தது மழை. கொரோனாக் காலத்தில் பொய்த்தது கூலி. மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியபோது, அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உலை வைத்தவர்களின் வருமானம் ஒரே நாளில் நின்றுபோனது.

மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசும் ஏழெட்டுப் பேர் நாங்கள். புத்தகங்களுக்கென வைத்திருந்த பணத்தோடு வெளியூர் நண்பர்கள் அனுப்பியதையும் சேர்த்தோம். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் என்று பைகள் கட்டினோம். தெருமுனையில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டு, பெயர் எழுதி, வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தோம். பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று படமும் எடுத்தோம்.

வரிசையில் எங்களுக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவர் நின்றிருந்தார். எங்களில் இருவரின் கல்யாணச் சட்டை அவர் தைத்தது. கைபேசி உயர்ந்ததும் முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டார். பிறகு பார்த்தபோது அவருடைய வட்டம் காலியாக இருந்தது.

மாலையில் பையோடு அவர் வீட்டுக்குப் போனோம். "எங்களவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க தம்பி, அவங்களுக்குக் குடுங்க" என்றார். வந்தவர்களைக் 'காப்பி சாப்பிட்டுப் போங்க' என்று சொல்லாமல் அனுப்பாத வீடு அது. அன்று அந்தச் சொல் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையைப் பற்றி எங்கள் கூட்டங்களில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். வருபவர் யாரென்று பாராமல் சோறிடும் அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. நாங்களோ சோற்றுக்கு முன் பெயரையும் முகத்தையும் கேட்டிருந்தோம்.

ஏப்ரல் 12 அன்று, தனியார் நேரடியாக உணவு வழங்கக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அரசு அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, சில நாள்களில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அறிவிப்பு எங்களுக்கு எரிச்சலூட்டியது உண்மை. எங்கள் வரிசையும் ஒரு கூட்டம்தான் என்பதும் உண்மை. கை ஓய்ந்திருந்த அந்நாள்களில்தான் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் பேச்சுக்கொடுத்தோம்.

பசியின் கணக்கு அவருடைய கடன் நோட்டில் இருந்தது. "கடன் கேக்குறவங்களப் பத்திக் கவலையில்ல. கேக்கறத நிறுத்திட்டாங்க பாருங்க, அவங்க வீட்டுலதான் அடுப்பு எரியல" என்றார். அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் பலரைத் தாங்கின. ஆனால் பழைய பாக்கிக்கு அஞ்சிக் கடைப்பக்கம் வராதவர்களும், இங்கே அட்டையே இல்லாத வடமாநில மில் தொழிலாளர்களும் அவர் கண்ணில் பட்டிருந்தனர்.

பணத்தை அவரிடமே கொடுத்தோம். பாக்கி கழிந்துவிட்டது, வந்து சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் ஆளனுப்பினார். யார் கட்டியது என்று கேட்டவர்களுக்கு, "உங்களுக்கு வேண்டியவங்கதான்" என்பதற்கு மேல் சொல்லவில்லை. யார் யார் வந்தார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

தையற்கடை மறுபடி திறந்து ஆண்டுகள் ஆகின்றன. துணி கொடுக்கப் போனால் அளவெடுக்கிறார், காப்பி வரவழைக்கிறார். அந்த நாளைப் பற்றி இரு தரப்பும் பேசியதில்லை. எங்கள் கைபேசிகளிலிருந்து படத்தை அழித்துவிட்டோம். முன்பே அனுப்பிவிட்டவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறத்தான் வழியில்லை.