நான் செய்த குப்பை

குப்பையைக் குறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பல வருடங்களாகக் குப்பையைக் கூட்டியிருக்கிறேன். அதையே பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, கட்டணமும் வாங்கியிருக்கிறேன். இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பலர், நான் சுற்றுச்சூழலுக்கு ஏதோ நல்லது செய்கிறவள் என்று இன்னமும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

திருச்சியில், எங்கள் வீட்டு மாடியில், கோடை விடுமுறையில் கைவினை வகுப்பு நடத்துகிறேன். வேண்டாத பொருட்களிலிருந்து வீட்டுக்கு வேண்டிய பொருட்கள் என்பதுதான் வகுப்பின் விளம்பரம். குளிர்பான பாட்டிலில் பூந்தொட்டியும் பேனா ஸ்டாண்டும், சணல் கயிறு சுற்றிய கண்ணாடி பாட்டிலில் பூஜாடி, பழைய சிடியில் சுவர்க் கடிகாரம், செய்தித்தாள் சுருளில் போட்டோ பிரேம், ஐஸ் குச்சியில் வீடு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது பெற்றோருக்கும் இதில் ஒரு அக்கறை பிறந்தது. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் இப்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது என்ன என்பதுதான் இந்த வாக்குமூலம்.

முதல் பொய் பொருளிலேயே இருந்தது. ஒரு வீட்டுக் குப்பையில் ஒரே அளவு, ஒரே வடிவம் என்று எதுவும் சேராது. வகுப்புக்கோ எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி பாட்டில் இருந்தால்தான் சௌகரியம். அதனால் முதல் நாள் மாலையே பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிடுவேன்: ஆளுக்கு இரண்டு ஒரு லிட்டர் பாட்டில், லேபிள் கிழியாமல். வீட்டில் இல்லாதவர்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள். குளிர்பானமே வாங்காத வீடுகளும் என் வகுப்புக்காக வாங்கின. நானும் கையிருப்புக்கு வாங்கி வைப்பேன். குடிக்க ஆள் இல்லாதபோது தொட்டியில் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன். ஐஸ் குச்சிகள் ஃபேன்சி ஸ்டோரில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒரு ஐஸையும் பார்க்காத புதுக் குச்சிகள் அவை. பழைய சிடி தீர்ந்தபிறகு எதுவும் பதியாத புது சிடிகளை வாங்கினேன். அவற்றையெல்லாம் பிள்ளைகள் முன்னால் பரப்பி வைத்து, "பாருங்க, எல்லாம் வேஸ்ட்" என்று சொல்வேன்.

அதற்கு மேல் ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் வாங்கியவை தனி. குளூ கன், அதற்குப் போடும் பசைக் குச்சிகள், அக்ரிலிக் பெயின்ட், வார்னிஷ் ஸ்ப்ரே, மினுக்குத் தூள், கல் ஸ்டிக்கர். ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வரும். மினுக்குத் தூளே அலுமினியப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் படலத்தைப் பொடியாக வெட்டியதுதான். வகுப்பு முடிந்து மாடியைக் கூட்டும்போது அந்தத் தூள் விளக்குமாற்றுக்கு அடங்காது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். போகவிட்டேன்.

எங்கள் தெருவுக்கு மூன்று சக்கர வண்டியில் ஒரு பழைய பேப்பர்காரர் வருவார். ஒரு வருடம் கண்காட்சிக்கென்று செய்து மீந்துபோன பூந்தொட்டிகளையும் பேனா ஸ்டாண்டுகளையும் ஒரு சாக்கில் கட்டி அவரிடம் கொடுத்தேன். சாக்கை அவிழ்த்து ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பெயின்டை நகத்தால் சுரண்டினார். அது உரியவில்லை. அடியில் உறைந்திருந்த பசைக் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி சாக்கிலேயே போட்டார்.

"இது வேணாம்க்கா."

"ஏன், பாட்டில்தானே?"

"பெயின்ட் அடிச்சு, கம்மு போட்டு, கல்லு ஒட்டியிருக்கு. கடையில சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டாங்க. அப்படியே வெச்சிருந்தா காசுக்கா."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. குளிர்பான பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். அது பெட் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வகைகளில் மறுசுழற்சிக்கு எளிதாக விலை போவது அது. பழைய பொருள் கடையிலிருந்து தரம் பிரிக்கும் இடத்துக்குப் போய், நசுக்கிக் கட்டுகளாகி, ஆலையில் சிறு சில்லுகளாக வெட்டப்படும். அந்தச் சில்லுகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் வேறு வகை என்பதால் மிதக்கும். அப்படித்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் செய்து பார்க்கலாம். கழுவிய சில்லுகளை உருக்கி நூலாக இழுத்தால் பாலியெஸ்டர். சட்டையாகலாம், தலையணைப் பஞ்சாகலாம். இத்தனை தூரம் போகக்கூடிய ஒரு பாட்டிலின் மேல் பெயின்டும் பசையும் கல்லும் ஏற்றி, அது எந்தத் தொட்டியிலும் பிரியாதபடி செய்தேன். பழைய கடையில் பொருளாக இருந்தது என் கை பட்டுக் குப்பையாயிற்று. கண்ணாடி பாட்டிலுக்கும் இதே கதைதான். உருக்கி உருக்கித் திரும்பத் திரும்பப் பாட்டிலாக்கக்கூடிய பொருள் கண்ணாடி. அதன் மேல் கயிற்றைச் சுற்றிப் பசையால் மூடினேன்.

அந்தப் பேப்பர்காரரின் பிழைப்பும் இதில் இருக்கிறது. என் வகுப்புக்கு வந்த ஒவ்வொரு சுத்தமான பாட்டிலும் அவருக்கோ, குப்பைத் தொட்டியில் கைவிட்டுப் பொறுக்கும் ஒருவருக்கோ போய்ச் சேர வேண்டிய சில்லறை. நகரத்தில் மறுசுழற்சி என்ற வேலையைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் அவர்கள். பாராட்டும் போட்டோவும் எனக்குக் கிடைத்தன.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தெரியாமல் செய்ததைப் பற்றி மட்டும் எழுதுவதானால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. தெரிந்தபிறகும் செய்தேன். அடுத்த கோடையிலும் அதே பாட்டில், அதே பெயின்ட். சாக்கு மூட்டையை மட்டும் பேப்பர்காரர் கண்ணில் படாமல் மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒரு பள்ளியில் ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் என் பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்து, இவையெல்லாம் குப்பைமேட்டுக்குப் போகாமல் தப்பித்தவை என்று பேசினேன். அவற்றின் கடைசி இடம் குப்பைமேடுதான் என்று தெரிந்தே பேசினேன். கட்டணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நல்லவள் என்ற பெயர். அதை இழக்கத் துணிவு வரவில்லை.

வகுப்பில் ஒரு சிறுமி கையில் பேனா ஸ்டாண்டை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ், இது உடைஞ்சா எங்க போடணும்?" வகுப்பிலேயே கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வி அது. "உடையாம பத்திரமா வெச்சுக்கணும்" என்று சொல்லி அடுத்த பிள்ளையிடம் நகர்ந்துவிட்டேன்.

உடையத்தான் செய்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்ட பாட்டில் தொட்டிகள் திருச்சி வெயிலில் மெல்ல மஞ்சளாயின. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பெட் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒருநாள் செடி மாற்ற ஒன்றைப் பிடித்து அழுத்தினேன், விரிசல் விட்டுச் சில்லுச் சில்லாகக் கொட்டியது. மண்ணைச் சலித்துப் பார்த்தேன். பெரிய துண்டுகள் வந்தன, சிறியவை மண்ணோடு நின்றுவிட்டன. மழைக்காலத்தில் அதே தொட்டிகளின் அடியில் தேங்கிய விரற்கடைத் தண்ணீரில் கொசுப்புழு நெளிந்ததையும் பார்த்தேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிட அவ்வளவு தண்ணீர் போதும்.

இத்தனைக்கும், பழையதைப் புதிதாக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் செய்த காகிதக் கூடைகளை, அழகாக இல்லை, வகுப்புக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று பரணில் ஏற்றியது நான். அவற்றின் செய்முறையைக் கேட்கவும் இல்லை. பாட்டில் தொட்டிகள் உடைந்த பிறகுதான் போய்க் கேட்டேன். "கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனேம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

பழைய செய்தித்தாளையும் எழுதித் தீர்ந்த நோட்டுகளையும் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சில நாட்கள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டால் தாள் தன் இழையை விடும். அதைப் பிழிந்து எடுத்து, ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடிப்பார். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது அத்தை கணக்கு. ஒரு குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, கூழை உருண்டை உருண்டையாக எடுத்து அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே கனமாக அப்புவார். அப்பும்போது உள்ளங்கையை நனைத்துக்கொள்வார், விரல் தடம் விழாது. பாதி காய்ந்ததும் துணியோடு கழற்றி, உள்பக்கத்தையும் காயவிடுவார். மேலே புளியங்கொட்டைப் பசையில் தாள் ஒட்டினால் கூடை முடிந்தது. இதில் கடையில் வாங்கியது ஒரு கைப்பிடி வெந்தயம். விளிம்பு பிய்ந்தால் கொஞ்சம் கூழ் வைத்து அடைக்கலாம். இனி ஆகாது என்றால் ஊறப்போட்டு மறுபடி இடிக்கலாம், அல்லது எருக்குழியில் போடலாம். அச்சு மை உணவில் படக் கூடாது என்பதால் இப்போது அதில் தோல் உரிக்காத பூண்டும் வெங்காயமும் மட்டும் வைக்கிறோம்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு அத்தையின் கூடையில் பதில் இருந்தது. பழம்புடவை தூளியாகி, தூளி கிழிந்து கால்மிதியாகி, கால்மிதி நைந்து கரித்துணியாகும். கொட்டாங்குச்சி அகப்பையாகி, கடைசியில் அடுப்புக்குப் போகும். இவற்றை யாரும் கைவினை என்று சொன்னதில்லை, கண்காட்சியில் வைத்ததும் இல்லை. ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது. நான் செய்தவற்றுக்கு வேலையே கிடையாது. பேனா ஸ்டாண்ட் தேவைப்படாத வீட்டில் எத்தனை பேனா ஸ்டாண்டுகள்!

என் வகுப்புச் சுவரில் இரண்டு பேரின் படம் ஒட்டியிருந்தேன். ஒருவர் நேக் சந்த். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்தவர், 1957இல் யாருக்கும் சொல்லாமல் காட்டுக்குள் சிற்பத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் எடுத்துக்கொண்டவை உடைந்த வளையல், பீங்கான் ஓடு, உடைந்த கழிப்பறைத் தொட்டி, இடித்த வீடுகளின் சிதிலம். எந்தப் பழைய கடையும் வாங்காத பொருட்கள் அவை. விலை போகும் சுத்தமான பாட்டிலை எடுத்து நான் கெடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர், 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாதில் கிராமப் பள்ளி அறிவியல் திட்டத்துக்குப் போனவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யக் காட்டினார். சதுரம் செய்து அழுத்தினால் சாயும், முக்கோணம் செய்து அழுத்தினால் அசையாது. பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் வருகிறது என்று குழந்தை தன் விரலாலேயே கற்றுக்கொள்ளும். அதில் பெயின்ட் இல்லை, மினுக்கு இல்லை. ஆட்டம் முடிந்தால் பிரித்து வேறொன்று செய்யலாம். இருவரின் படத்தையும் ஒட்டினேனே தவிர, அவர்கள் செய்ததைப் பார்க்கவில்லை.

ஆனால் நான் செய்ததில் பெரிய தப்பு பாட்டில்களைக் கெடுத்தது அல்ல. ஒரு பொருளை வாங்கிவிட்டு, அதன் மேல் பெயின்ட் பூசிவிட்டால் வாங்கிய தோஷம் தீர்ந்துவிடும் என்று பிள்ளைகளை நம்பவைத்ததுதான். முதலில் குறைத்துக்கொள், பிறகு திரும்பப் பயன்படுத்து, அதற்கும் பிறகே மறுசுழற்சி என்ற வரிசையைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு, வகுப்புக்காக வாங்கிவரச் சொன்னேன்.

போன கோடையில் பெற்றோரைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், அது அவர்கள் உரிமை. இப்போது வகுப்புக்கு எதையும் வாங்கி வரக் கூடாது. பழைய நோட்டில் மீந்த வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்து ரஃப் நோட்டு கட்டுகிறோம், ஒட்டுவதற்கு மைதாப் பசை. பட்டன் தைக்கவும் கிழிசலை இழை ஓட்டவும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். கூடைக்கு அத்தைதான் ஆசிரியர். கண்காட்சி கிடையாது.

வீட்டில் ஏதாவது செய்ய உட்காரும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது அப்படியே பழைய கடைக்குப் போகுமா? போகுமானால் கழுவிக் கொடுத்துவிடுங்கள், தொடவேண்டாம். செய்தபின் வீட்டில் இதற்கு ஒரு வேலை இருக்கிறதா? உடைந்தால் எங்கே போடுவது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் செய்யாதீர்கள். பிள்ளைகளைக் கைவினை வகுப்புக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பாட்டிலும் ஐஸ் குச்சியும் வாங்கி அனுப்பச் சொல்லும் வகுப்புக்கு, அதை நானே நடத்தினாலும், அனுப்பாதீர்கள்.