மலையேற வேண்டிய மறுபரிசோதனை

கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும் நிலையில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். அந்தக் காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்ய அது உதவுகிறது. 2006-ல் 109 முறிவுகளைப் பின்தொடர்ந்து எழுதிய கட்டுரையில் அதை வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசையும் நரம்பும் என்று மூன்றுக்கும் தனித்தனியாக 5 வரை மதிப்பெண். அதற்கு மேல், நிலைமையை மோசமாக்கும் காரணம் ஒவ்வொன்றுக்கும் 2. மொத்தம் 29. கூட்டுத்தொகை 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம். 17-ஐ எட்டினாலோ தாண்டினாலோ எடுப்பதே நல்லது. இடையிலுள்ள 15, 16 மருத்துவரின் அனுபவத்துக்கு விடப்பட்டவை.

கல்வராயன் மலையிலிருந்து வரும் கால்களைப் பார்க்கிற எலும்பு மருத்துவன் என்ற முறையில், அந்தக் கூடுதல் காரணங்களில் இரண்டு எப்போதும் என் கண்ணில் படும். ஒன்று, அடிபட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் காயம் சுத்தம் செய்யப்படுவது. இன்னொன்று, சாக்கடையோ தோட்டத்து மண்ணோ சாணமோ காயத்துக்குள் போயிருப்பது. மலைமேல் வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில், மரவள்ளிக் காட்டிலோ கடுக்காய் மரத்தடியிலோ விழுந்தவருக்கு இந்த 4 மதிப்பெண்ணும் விழுந்த இடத்தாலேயே சேர்ந்துவிடக்கூடும். 12 வாங்கியிருக்க வேண்டிய கால் 16 ஆகிறது. எலும்பு எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதை விதியோ வேகமோ தீர்மானித்திருக்கலாம். இந்த நாலு மட்டும் மண்ணும் பாதையும் நேரமும் போட்டது.

கணைக்கால் எலும்பின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. கெண்டைக்காலின் பின்பக்கம் சதை இருக்கிறது, முன்பக்கம் எலும்புக்கு மேலே தோல்தான். கைவைத்துத் தடவினால் முழு நீளமும் தெரியும். அதனால்தான் உடைந்தால் தோலைக் கிழித்து வெளியே வருகிறது, அழுக்கு உள்ளே போகிறது. கீழ்ப் பாதியில் ரத்த ஓட்டமும் குறைவு, கூடுவதற்கு நாளாகும். மூடிய, எளிய முறிவுக்கே நான்கு மாதம் என்று சொல்லிவைப்பேன். திறந்த காயமென்றால் ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகலாம்.

மலைக்கு உண்மையிலேயே பயன்படும் ஆராய்ச்சிகளும் இருக்கின்றன. 2015-ல் வெளியான ‘ஃப்ளோ’ என்ற ஆய்வில் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து, திறந்த முறிவுகளை எதைக் கொண்டு எப்படிக் கழுவுவது என்று 2,400-க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தன. சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கு மறு அறுவை அதிகம் தேவைப்பட்டது. அழுத்தத்தைப் பொறுத்தவரை, பீய்ச்சியடிக்கும் இயந்திரமும் உயரத்தில் தொங்கவிட்ட பையிலிருந்து தானாக இறங்கும் உப்புநீரும் ஒரே பலனைத் தந்தன. உப்புநீர்ப் பாட்டிலும் ஒரு கம்பமும் எந்தச் சிறு அரசு மருத்துவமனையிலும் இருக்கும். காயத்தை முறையாகத் திறந்து செத்த சதையை நீக்க கீழே வரத்தான் வேண்டும். ஆனால் மேலேயே காயத்தைக் கழுவி, ஈரத் துணியால் மூடி, தப்பை வைத்து, முதல் ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டு 108 ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால், கீழே கச்சிராயபாளையம் வருவதற்குள் பாதி சிகிச்சை நடந்துவிட்டது என்றே நான் கருதுவேன். அந்த முதல் ஊசிக்குத் தாமதம் கூடாது. மணிக்கணக்கில் தள்ளிப்போனால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இன்னொரு ஆய்வு, என் பொறுமைக்கே பாடமானது. 2008-ல் வந்த ‘ஸ்பிரின்ட்’. கனடா, அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் 1,319 பேருக்கு எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மஜ்ஜைக் குழியைக் குடைந்து பெரிய கம்பி வைப்பது நல்லதா, குடையாமல் சிறிய கம்பி வைப்பது நல்லதா என்பதே கேள்வி. மூடிய முறிவில் குடைவது கொஞ்சம் மேல், திறந்த முறிவில் வித்தியாசமில்லை என்று முடிந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எலும்பு கூடவில்லை என்ற காரணத்துக்காக ஆறு மாதத்துக்குள் மறு அறுவை செய்யக் கூடாது என்று அந்த ஆய்வில் ஒரு விதி வைத்திருந்தார்கள். அந்த விதியினாலேயே, முன்பு மருத்துவர்கள் மறுபடியும் கத்தியை எடுத்திருக்கக்கூடிய பல கால்கள் தாமாகவே கூடிவிட்டன. 2016-ல் ‘டிரஸ்ட்’ என்ற ஆய்வு, எலும்பை வேகமாகக் கூட்டும் என்று விற்கப்பட்ட அல்ட்ராசவுண்ட் கருவியை 501 பேரிடம் சோதித்தது. கருவி வைத்தவர்களும் வைக்காதவர்களும் ஒரே வேகத்தில்தான் தேறினார்கள். காலத்தை விலைகொடுத்துக் குறைக்க முடியாது என்று, கடன் வாங்கியாவது ‘நல்ல வைத்தியம்’ செய்யச் சொல்லி என்னிடம் கேட்கும் குடும்பங்களுக்கு நான் தைரியமாகச் சொல்ல முடிவது இந்த ஆய்வால்தான்.

நாட்டு வைத்தியர்கள் போடும் எலும்புக் கட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மலையில் மட்டுமில்லை, கள்ளக்குறிச்சியிலும் ‘புத்தூர் கட்டு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். என் தொழில்காரர்கள் சிலர் இதைக் கேட்டாலே கோபப்படுவார்கள். ஆனால் அமெரிக்காவில் ஆகஸ்டோ சார்மியன்டோ, மூடிய கணைக்கால் முறிவு 1,000 பேருக்கு அறுவையே இல்லாமல் கட்டுப் போட்டு நடக்கவைத்து, 1995-ல் எழுதினார். கூடாமல் போனது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். விலகாத, மூடிய முறிவு கூடுவது எலும்பின் இயல்பு. மூங்கில் பட்டை கட்டியவருக்கும் மாவுக்கட்டு போட்ட எனக்கும் அது சமமாக உதவுகிறது. ஆபத்து இறுக்கத்தில் இருக்கிறது. கெண்டைக்கால் தசைகள் விரிய முடியாத உறைகளுக்குள் அடைபட்டவை. உள்ளே வீங்க, வெளியே கட்டு இறுக, ரத்தம் போவது நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். கட்டுப் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போகிறதா, கால் விரலை மெல்ல மேலே வளைத்தால் துடிக்கிறாரா, விரல் மரத்துப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கட்டை அறுத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். இதை நாட்டு வைத்தியரிடம் சண்டை போடாமல் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்கிறார்கள்.

என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் குறை, கட்டு போட்ட பிறகு நடப்பது பற்றியது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தபின், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. எத்தனையோ உயிர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்த எலும்புக்குத் தேவை மாதங்கள். ஆறாவது வாரம் வருகிறார்கள். மூன்றாவது மாதம் பாதிப் பேர் வருவதில்லை. “பஸ்ஸுக்கும் ஆச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு, பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்கு சார்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ‘தொடர்பில் இல்லாதவர்கள்’ என்று ஒரு வரி வரும். ஸ்பிரின்ட் ஆய்விலேயே 1,319 பேரில் ஓராண்டு முடியும்வரை கணக்கில் இருந்தவர் 1,226 பேர். வசதியான நாடுகளிலேயே அப்படியென்றால், மலைமேல் இருப்பவர்களுக்கு என்ன ஆனது என்று யாருடைய முடிவுகளிலும் தெரியாது. கோணலாகக் கூடிய காலும் கூடாமலே நொண்டும் காலும் அந்த வரிக்குள்தான் இருக்கின்றன.

எக்ஸ்ரே இல்லாமல் கண்காணிக்க வழி உண்டு. வசதி குறைந்த நாடுகளுக்கு எலும்புக் கம்பி கொடுக்கும் ‘சைன்’ என்ற அமைப்பை லூயிஸ் சர்க்கிள் 1999-ல் தொடங்கினார். அவர்கள் நோயாளியைக் குந்தி உட்காரச் சொல்லிப் படம் பிடிக்கிறார்கள்: எவ்வளவு ஆழம் குந்துகிறார், எதையாவது பிடித்துக்கொள்கிறாரா, முகத்தில் சிரிப்பு இருக்கிறதா. தான்சானியாவில் தொடை எலும்பு முறிந்தவர்களிடம் இதை ஆராய்ந்தும் பார்த்தார்கள். நாற்காலியில் வாழ்கிற ஊருக்கு இது விசித்திரமாக இருக்கலாம். களை எடுப்பதும், சாமை அறுப்பதும், அடுப்பு ஊதுவதும், காலைக்கடனும் குந்தியே நடக்கிற மலையில் இதைவிடப் பொருத்தமான பரிசோதனை எனக்குத் தெரியவில்லை. கணைக்கால் முறிவில், கம்பி நுழைத்த முழங்காலின் வலியும் இதில் வெளிப்பட்டுவிடும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு ஏற்கெனவே வீடுவீடாகப் போகிறார்கள். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மூன்று முறை, அவர்களோ கிராம சுகாதார செவிலியரோ கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தால் போதும்: முறிந்த காலில் மட்டும் நின்றபடி ஒன்று, குந்தியபடி ஒன்று. கூடவே இரண்டு கேள்வி: தழும்பிலிருந்து நீரோ சீழோ வருகிறதா, பீடி குடிக்கிறாரா? பீடி, எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடுகிறது என்பதை மலையில் இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை. நன்றாகக் குந்துகிறவர் மேலேயே இருக்கட்டும். நிற்கத் தடுமாறுகிறவரையும் சீழ் வடிகிறவரையும் மட்டும் எக்ஸ்ரேவுக்குக் கீழே அனுப்பினால், அந்த ஒரு நாள் கூலியை யார் இழக்க வேண்டும் என்பதாவது காரணத்தோடு முடிவாகும்.